மைனஸ் 25ல 2003 கோல்ஃப் 1.9 டிடிஐ, 10டபிள்யூ-40 ஒயிலை விட்டுட்டு 5டபிள்யூ-40க்கு மாறலாமா?

ரூபன்_எல்வெரும்:

எல்லாருக்கும் வணக்கம். நான் நோர்வேயில எல்வெரும் பக்கம் இருக்கிறன், ஒஸ்லோவில இருந்து வடகிழக்கால உள்ளுக்க, கடல் கிட்ட இல்லாத இடம் எண்டபடியா குளிர் லேசில விடாது, ஜனவரி பெப்ரவரியில மைனஸ் 20, 25 எண்டு நாள்கணக்கா நிக்கும். என்னட்ட 2003ம் ஆண்டு வொக்ஸ்வாகன் கோல்ஃப் வேரியன்ற் 1.9 டிடிஐ டீசல் கார், 100 குதிரை வலு, மனுவல் கியர், 3,40,000 கிலோமீற்றர் ஓடிட்டுது. கறள் பெரிசா இல்லை, ஈயூ கொன்றோல் எண்ட கார்ப் பரிசோதனையும் இந்த வருசம் பிரச்சினை இல்லாமல் பாஸ் பண்ணினது, அதால இன்னும் மூண்டு நாலு வருசம் எண்டாலும் இந்தக் காரை வச்சு ஓட்டத்தான் விருப்பம்.

முதியோர் இல்லத்தில வேலை, காலமை 7 மணிக்கு டியூட்டி, அந்த நேரத்துக்கு எங்கட பக்கம் பஸ் இல்லை. போன ஜனவரியில ஒரு நாள் மைனஸ் 27. திறப்பைத் திருப்பினா எஞ்சின் நித்திரையில முனகுற மாதிரி மெதுவா சுத்துது, நாலாவது தரம்தான் பிடிச்சுது. பிடிச்ச பிறகும் சிவப்பு ஒயில் லைற் அணைய நாலைஞ்சு செக்கன் எடுத்தது, மேல பக்கத்தில இருந்து கம்மாலையில சுத்தியல் அடிக்கிற மாதிரி சத்தம் அரை நிமிசத்துக்குக் கிட்ட கேட்டுது. நிப்பாட்டிட்டு ஒயில் மட்டம் பாக்கிற கம்பியை, டிப்ஸ்ரிக்கை, இழுத்துப் பாத்தன், ஒயில் பனம்பாணி மாதிரி கம்பியில ஒட்டிக்கொண்டு நிக்குது, சரிச்சுப் பிடிச்சும் ஒரு துளி விழேல்லை. அண்டைக்கு எனக்கு நெஞ்சு திக்கெண்டது.

உள்ளுக்க இருக்கிறது 10டபிள்யூ-40. வழக்கமா விடுற கராஜில இருக்கிற மெக்கானிக்தான் ஊத்தினவர், "பழைய எஞ்சின், மெல்லிய ஒயில் போட்டா எரிச்சுத் தள்ளும், சீலால கசியும், தடிச்சதுதான் நல்லது" எண்டு சொன்னவர். 3000 கிலோமீற்றருக்கு அரை லீற்றர் மட்டில குறையுது, அதை நான் ஊத்திக்கொண்டு வாறன்.

இப்ப ஒக்டோபர், பனி இறங்க முதல் ஒயில் மாத்த வேணும். 5டபிள்யூ-40 போடலாமா, இல்லாட்டி 0டபிள்யூ-30க்கே போகலாமா, இவ்வளவு ஓடின எஞ்சினுக்கு சிந்தெற்றிக் போட்டா உண்மையில கசியுமோ, மாத்த முதல் உள்ளுக்க ஊத்தையைக் கழுவி ஃபிளஷ் பண்ண வேணுமோ, இந்தச் சிக்கல் ஒயிலாலதானோ இல்லை வேற ஏதும் இருக்கோ, தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ.

---

பிரெய்ரிதமிழன்:

வணக்கம் ரூபன். நான் கனடால வின்னிபெக்ல இருக்கேன், சொந்த ஊர் பொள்ளாச்சி. இங்க மைனஸ் 30ங்கறது ஒவ்வொரு குளிர்காலமும் வர்றதுதான், நானும் 2002 ஜெட்டா 1.9 டிடிஐ வச்சிருக்கேன், அதனால நீங்க சொல்ற அந்த முனகல் சத்தம் எனக்கு நல்லாவே தெரியும்.

மொதல்ல அந்த மெக்கானிக் சொன்னதுல ஒரு குழப்பம் இருக்கு, அதைச் சொல்லிடறேன். 10டபிள்யூ-40, 5டபிள்யூ-40 ரெண்டுலயும் பின்னாடி இருக்கற 40 ஒண்ணுதான். அது எஞ்சின் சூடானப்புறம், 100 டிகிரில ஆயில் எவ்வளவு கெட்டியா இருக்கணும்னு சொல்ற நம்பர். டபிள்யூவுக்கு முன்னாடி இருக்கறதுதான் குளிருக்கு, அந்த டபிள்யூ விண்டரைக் குறிக்குது. அதனால 5டபிள்யூ-40 போட்டா சூட்டுல மெலிஞ்சு போயிடும்ங்கறது சரி இல்ல, சூட்டுல ரெண்டும் ஒரே வரம்புக்குள்ளதான் இருக்கும், வித்தியாசம் எல்லாம் காலைல நீங்க சாவி போடற அந்த நிமிஷத்துலதான்.

எஸ்ஏஇ ஜே300னு ஒரு தரக்கணக்கு இருக்கு, அதுல ஒவ்வொரு கிரேடுக்கும் ரெண்டு குளிர் சோதனை. ஒண்ணு எஞ்சினைச் சுத்தறப்ப ஆயில் எவ்வளவு இழுத்துப் பிடிக்குதுன்னு பாக்கறது, இன்னொண்ணு ஆயில் பம்ப் அதை உறிஞ்சி மேல அனுப்ப முடியுமான்னு பாக்கறது. 10டபிள்யூவுக்கு சுத்தற சோதனை மைனஸ் 25ல, பம்ப் சோதனை மைனஸ் 30ல. 5டபிள்யூவுக்கு அது மைனஸ் 30, மைனஸ் 35. 0டபிள்யூவுக்கு மைனஸ் 35, மைனஸ் 40. உங்க மைனஸ் 27, 10டபிள்யூவோட சுத்தற எல்லையத் தாண்டிடுச்சு பாருங்க, அதுவும் இந்தச் சோதனை எல்லாம் புது ஆயில்ல பண்றது, டீசல் எஞ்சின்ல ஒரு வருஷம் ஓடி கரி கலந்த ஆயில் இன்னும் கெட்டியா இருக்கும். பம்ப் உறிஞ்சறதுக்கு திணறினதாலதான் லைட் அணைய அவ்வளவு நேரம் ஆச்சுன்னு நினைக்கிறேன்.

நான் ஷெல் ரொட்டெல்லா டி6 5டபிள்யூ-40 போடறேன், அது லாரி டீசல் எஞ்சினுக்கான ஆயில், இங்க எந்தக் கடைலயும் கிடைக்கும், என் வண்டி 4,10,000 கிலோமீட்டர் தாண்டி ஓடிட்டு இருக்கு. அது கூடவே பிளாக் ஹீட்டர், எஞ்சினைக் கரண்ட்ல சூடாக்கி வைக்கறது. இங்க பார்க்கிங்ல எல்லாம் கரண்ட் பாயிண்ட் வச்சிருப்பாங்க, காருக்கு முன்னாடி கிரில்லுல இருந்து ஒயர் தொங்கும், அதைச் சொருகிட்டு தூங்கப் போறதுதான் பழக்கம். நீங்களும் தைரியமா 5டபிள்யூ-40 லாரி ஆயில் போடுங்க.

---

ஸ்பானர்_அண்ணை:

தம்பி ரூபன், ஒயில் வாங்க முதல் இதை ஒருக்கா வாசியுங்கோ. நான் ஜேர்மனியில 22 வருசமா கராஜில வேலை செய்யிறன், இந்த 1.9 எஞ்சினை எத்தினை தரம் கழட்டிப் பூட்டினன் எண்டு கணக்கு இல்லை.

வின்னிபெக் தம்பி சொன்ன குளிர்க் கணக்கு முழுக்கச் சரி. ஆனா அவற்ற காருக்குப் பொருந்துற ஒயில் உங்கட காருக்குப் பொருந்தாது. ரெண்டும் 1.9 டிடிஐ எண்டு பின்னால எழுதியிருந்தாலும் உள்ளுக்க வேற எஞ்சின். கனடாவில வந்த 2002 ஜெட்டாவில இருக்கிறது ஏஎல்எச், 90 குதிரை வலு, பக்கத்தில ஒரு டீசல் பம்ப் இருந்து அதில இருந்து நாலு இரும்புக் குழாய் இன்ஜெக்ரருக்குப் போகும். உங்கட 2003, 100 குதிரை வலு எண்டா அது பிடி எஞ்சின், ஜேர்மன் பாசையில பும்ப டூசெ. அதில தனி டீசல் பம்ப் இல்லை, ஒவ்வொரு இன்ஜெக்ரருக்குள்ளயும் ஒரு பம்ப், அந்தப் பம்பை அமத்துறது கேம்ஷாஃப்ற், வால்வுகளைத் திறக்கிற முட்டிகள் இருக்கிற தண்டு. 2000 பார் அளவுக்கு அழுத்தம் எடுக்கிற பம்பை ஒரு கேம் முட்டி அமத்த வேணும் எண்டா அந்த இரும்பில என்ன பாரம் ஏறும் எண்டு யோசிச்சுப் பாருங்கோ. போதாக்குறைக்கு அந்த மூண்டாவது முட்டிக்கு இடம் விட்டதால வால்வு திறக்கிற முட்டிகள் ரெண்டும் ஒடுங்கிப் போச்சு. ஒடுங்கின முட்டி, கூடின பாரம், நடுவில இருக்கிறது மெல்லிய ஒயில் படலம் மட்டும்தான்.

இதுக்காகத்தான் வொக்ஸ்வாகன் 505.01 எண்டு ஒயிலுக்கு தனி அனுமதி நம்பர் கொண்டு வந்தது. அதுக்கு முந்தின 505.00 பம்ப் வச்ச பழைய டீசலுக்கு, பிடிக்கு இல்லை. நீங்கள் பாக்க வேண்டியது முதல்ல இந்த நம்பர், அதுக்குப் பிறகுதான் 5டபிள்யூ, 0டபிள்யூ. கனபேர் தலைகீழாப் பாக்கினம்.

ரெண்டு வருசத்துக்கு முதல் ஒரு பசாற் வந்தது, 1.9 பிடி, "இழுவை இல்லை, ரிக் ரிக் எண்டு சத்தம்" எண்டு கொண்டு வந்தவை. மேல் மூடியைத் திறந்தா ரெண்டாவது சிலிண்டர் முட்டி முட்டை மாதிரி இருக்க வேண்டியது தட்டையாகிக் கிடக்கு, விளிம்பு கத்தி மாதிரி கூர். அதுக்குக் கீழ இருக்கிற தொப்பி மாதிரி ரப்பெற் நடுவில ஓட்டை விழுந்து உள்பக்கம் தெரியுது, விரலை வச்சா விளிம்பில கீறும். கதவோரத்தில முந்தின ஒயில் மாத்தின ஸ்ரிக்கர் ஒட்டியிருந்தது, 10டபிள்யூ-40 எண்டு மட்டும் எழுதி, எந்த நம்பரும் இல்லை. ஒயிலாலதான் போச்சு எண்டு நான் சத்தியம் பண்ண ஏலாது, இந்த எஞ்சினில சரியான ஒயில் ஊத்தினவைக்கும் கேம் தேஞ்சிருக்கு. ஆனா பிழையான ஒயிலோட வந்ததுகள்தான் நான் கண்டதில கூட.

உங்களுக்கு ரெண்டு வழி இருக்கு. 505.01 அனுமதி உள்ள 5டபிள்யூ-40, இது நேரான வழி. இல்லாட்டி 507.00 அனுமதி உள்ள ஒயில், அது 505.01க்குப் பதிலா போடலாம் எண்டு வொக்ஸ்வாகனே சொல்லுது, பெரும்பாலும் 5டபிள்யூ-30, தேடினா 0டபிள்யூ-30லயும் கிடைக்கும். ஆனா வெறும் 0டபிள்யூ-30 எண்டு கண்ணை மூடிக்கொண்டு வாங்காதேங்கோ, எரிபொருள் மிச்சம் பிடிக்க எண்டு வந்த மெல்லிய 0டபிள்யூ-30களும் இருக்கு, அது பிடிக்கு ஆபத்து. அதுபோல 0டபிள்யூ-40 நல்ல ஒயில்கள் கனக்க இருக்கு, அதுகளில 502.00, 505.00 எண்டுதான் வழக்கமா நிக்கும், 505.01 இராது.

போத்திலைத் திருப்பிப் பின் லேபிளை வாசியுங்கோ. "அப்ரூவல்" எண்ட சொல்லுக்குப் பக்கத்தில 505.01 இருந்தா அது சோதிச்சு அனுமதி வாங்கினது. "ரெக்கமெண்டட்", "மீற்ஸ்" எண்டு இருந்தா கம்பனி தானே சொல்லுறது, வொக்ஸ்வாகன் சொல்லேல்லை. விலை வித்தியாசம் ஒரு கானுக்கு பெரிசா வராது, கேம்ஷாஃப்ற் மாத்துற செலவு உங்கட காரின்ர பெறுமதிக்குக் கிட்ட வரும்.

இதை வாசிக்கிற வேற ஆரும் ரீ5 வான் 2.5 டிடிஐ இல்லாட்டி வி10 டிடிஐ வச்சிருந்தா ஒண்டு கவனியுங்கோ, 2006 நடுப்பகுதிக்கு முந்தின அந்த எஞ்சின்களுக்கு 507.00 போடக் கூடாது, அதுக்கு 506.01. மற்ற பிடிக்கு எல்லாம் சரி.

முதல்ல எஞ்சின் கோட் என்ன எண்டு பாத்து எழுதுங்கோ. பின்னால உதிரிச் சில்லு வைக்கிற குழிக்குள்ள வெள்ளை ஸ்ரிக்கர் ஒட்டியிருக்கும், சேவிஸ் புத்தகத்திலயும் இருக்கும்.

---

பிரெய்ரிதமிழன்:

அண்ணே ரொம்ப நன்றி, நான் என் வண்டிய மனசுல வச்சே எழுதிட்டேன். ரூபன், நான் கடைசில சொன்னதை விட்டுடுங்க, அண்ணன் சொல்றதுதான் சரி. இங்கயும் 2004ல இருந்து 2006 வரைக்கும் வந்த 1.9 ஜெட்டா பிடிதான், அதை வச்சிருக்கற என் ஃப்ரெண்டு ஒருத்தர் எங்கூட சேந்து அதே லாரி ஆயிலைத்தான் ஊத்திட்டு இருக்கார், இன்னிக்கே கூப்பிட்டுச் சொல்லிடறேன்.

---

ரூபன்_எல்வெரும்:

அண்ணை, கோடி நன்றி. உதிரிச் சில்லைக் கழட்டிப் பாத்தன், ஏரிடி எண்டு இருக்கு. அப்ப பிடிதான். இவ்வளவு காலமும் 10டபிள்யூ-40 ஓடியிருக்கு எண்டு நினைக்க வயித்தைக் கலக்குது. அந்தக் கான் இன்னும் கராஜுக்குள்ள கிடக்கு, பின்னால வாசிச்சன், ஏ3/பி3 எண்ட பொதுத் தர அடையாளம் மட்டும் இருக்கு, வொக்ஸ்வாகன் நம்பர் ஒண்டும் இல்லை.

நேற்று எங்கட பக்கம் இன்னும் குளிர் தொடங்கேல்லை எண்டதால ஒரு வேலை செய்தன். வீட்டில ஒரு பெரிய ஃபிறீசர் இருக்கு, மைனஸ் 24 காட்டுது. ரெண்டு ஜாம் போத்தில் கழுவிக் காயவச்சு, ஒண்டில அந்த மிச்ச 10டபிள்யூ-40, மற்றதில பில்தெமா கடையில வாங்கின 505.01 போட்ட 5டபிள்யூ-40, ரெண்டையும் இரவு முழுக்க உள்ளுக்க வச்சன். காலமை எடுத்து ஒரே நேரத்தில சரிச்சா 5டபிள்யூ-40 தேன் மாதிரி மெல்ல மெல்ல வழிஞ்சு மூடிக்கு வந்திட்டுது, 10டபிள்யூ-40 அசையவே கொஞ்ச நேரம் எடுத்தது, பிறகு ஒரு கட்டி மாதிரி திரண்டு ஒரேயடியா நகர்ந்துது. மனுசியும் பக்கத்தில நிண்டு பாத்தவ, "இதையோ அந்தப் பம்ப் இழுத்தது" எண்டு கேட்டவ.

இன்னும் ரெண்டு கேள்வி. இத்தினை வருசம் வேற ஒயில் ஓடின எஞ்சின், இப்ப முழு சிந்தெற்றிக் ஊத்தினா சீல் கசியுமோ? ஃபிளஷ் பண்ண வேணுமோ? அதோட அந்த 3000க்கு அரை லீற்றர் குறையுறது கூடவோ?

---

ஸ்பானர்_அண்ணை:

நல்ல வேலை செய்தீங்கள். ஒண்டு மட்டும் சொல்லுறன், போத்திலைச் சரிக்கிறதும் எஞ்சினுக்குள்ள நடக்கிறதும் ஒண்டில்லை, அங்க ரெண்டு இரும்புக்கு நடுவில ஒயில் வேகமா வெட்டுப்படும், அதால போத்திலை மட்டும் வச்சு ஒயில் தெரிவு செய்யக் கூடாது. ஆனா அந்தக் கட்டியா நகர்ந்தது கவனிக்க வேண்டிய விசயம். அரைச் சிந்தெற்றிக் 10டபிள்யூவில மினரல் ஒயில் கூட, அதில மெழுகு இருக்கும், கடும் குளிரில அது வலை மாதிரி பின்னி ஒயிலைப் பிடிச்சு வைக்கும். பம்ப் உறிஞ்சிற இடத்தில ஒரு குழி விழும், சுத்தி உள்ள ஒயில் வந்து அதை நிரப்பாது, பம்ப் காத்தைத்தான் இழுக்கும். உங்கட லைற் அணையாததுக்கு அதுதான் காரணமா இருக்கும்.

சீல் பற்றின பயம் பழங்கதை. எஞ்சின் சூட்டில ரெண்டும் 40 தானே, சூட்டில கசியாதது புது ஒயிலால கசியத் தேவையில்லை. ஏற்கனவே காஞ்சு வெடிச்ச சீல், ஊத்தை அடைச்சதால மட்டும் கசியாமல் நிண்டிருந்தா, நல்ல ஒயில் அந்த ஊத்தையைக் கழுவின பிறகு கசிவு தெரிய வரும், அது சீல் செத்தது, ஒயிலின்ர பிழை இல்லை. மாத்தி ஒரு கிழமையில கீழ ஒரு காட்போட் மட்டையைப் போட்டுப் பாருங்கோ.

ஃபிளஷ் வேண்டாம். 3,40,000 ஓடின எஞ்சினில ஒரேயடியா ஊத்தையைக் கிளப்பினா அது ஒயில் பம்பின்ர வலையில போய் அடைக்கும். அதுக்குப் பதிலா இந்த முதல் ஒயிலை முழுத் தவணையும் ஓட விடாமல் ஒரு 2000, 3000 கிலோமீற்றரில ஃபில்ரரோட சேத்து மாத்துங்கோ, அதுக்குப் பிறகு வழமைபோல. 505.01க்கு கணக்கு 15,000 கிலோமீற்றர் இல்லாட்டி ஒரு வருசம், ஆனா நீங்கள் குளிரில கிட்டத் தூரம் ஓடுறதால 10,000க்கு மேல விடாதேங்கோ, அதையும் பனிக்கு முதல் மாத்துற மாதிரி வச்சுக்கொள்ளுங்கோ. கொள்ளளவு நாலே கால், நாலரை லீற்றர் வரும், முழுக்க ஊத்தாமல் நாலு ஊத்திட்டு டிப்ஸ்ரிக்கைப் பாத்து மிச்சத்தை ஊத்துங்கோ. ஃபில்ரர் மேல பக்கம் இருக்கிற காகித ஃபில்ரர், மூடியில இருக்கிற றப்பர் வளையத்தையும் புதிசு போடுங்கோ, கனபேர் பழசையே திரும்பப் போட்டுட்டு பிறகு ஒயில் கசியுது எண்டு வருவினம்.

3000க்கு அரை லீற்றர் பயப்பிட ஒண்டுமில்லை, வொக்ஸ்வாகன் கையேட்டில 1000 கிலோமீற்றருக்கு ஒரு லீற்றர் வரைக்கும் போகலாம் எண்டு எழுதியிருக்கு. பிடியில நான் பயப்பிடுறது ஒயில் குறையிறதுக்கு இல்லை, கூடுறதுக்கு. இன்ஜெக்ரர் சீல், இல்லாட்டி பக்கத்தில டீசலை இழுத்துக் குடுக்கிற ரண்டெம் பம்பின்ர சீல் போனா டீசல் ஒயிலுக்குள்ள இறங்கும், லெவல் ஏறும், டிப்ஸ்ரிக்கை மணந்தா டீசல் மணக்கும். அப்பிடி ஒயில் ஐதாப் போனா 505.01 இல்லை, எது ஊத்தினாலும் கேம் தேயும். ஒவ்வொரு ரெண்டு கிழமையும் லெவலைப் பாத்து ஒரு துண்டில எழுதி வையுங்கோ.

---

ஔலுவாசி:

வணக்கம். நான் ஃபின்லாந்துல ஔலுல இருக்கேன், மதுரைக்காரன், மென்பொருள் வேலைக்கு வந்து 12 வருஷம் ஆச்சு. என்கிட்ட இருக்கறது பழைய மெர்சிடிஸ் இ300 டீசல், ஆறு சிலிண்டர், அதுக்கு மெர்சிடிஸோட 229.5 அனுமதி இருக்கற 0டபிள்யூ-40 ஊத்தறேன், அந்த எஞ்சினுக்கு அது பொருந்தும். ஆயில் பத்தி அண்ணன் சொன்னதுக்கு மேல சொல்ல ஒண்ணுமில்ல, ஆனா ரூபன், உங்க பிரச்சினை முழுக்க ஆயிலால மட்டும்னு எனக்குத் தோணல.

பேட்டரி எத்தனை வருஷம் ஆச்சு? மைனஸ் 20ல நல்ல பேட்டரியே பாதி பலத்துக்குக் கிட்டதான் தரும், எஞ்சின் கேக்கறதோ அன்னிக்குத்தான் ரொம்ப அதிகம். டீசல்ல ஸ்பார்க் பிளக் கிடையாது, காத்தை அமுக்கற சூட்டுலதான் பத்தணும், மெதுவா சுத்தினா அந்தச் சூடு இரும்புக்குள்ள போயிடும், பத்தாது. அஞ்சு வருஷம் தாண்டின பேட்டரின்னா குளிருக்கு முன்னாடி லோடு டெஸ்ட் பண்ணிப் பாத்துடுங்க. அடுத்தது குளோ பிளக், கிளப்பறதுக்கு முன்னாடி சிலிண்டருக்குள்ள சூடாக்கறது. நாலும் வேலை செய்யுதான்னு மல்டிமீட்டர்ல பாக்கலாம், ஒயரைக் கழட்டிட்டு பிளக் நுனிக்கும் எஞ்சின் இரும்புக்கும் நடுவுல அளந்தா ஒரு ஓம் பக்கத்துல, அதுக்கும் கீழ காட்டணும், ஒண்ணுமே காட்டலேன்னா அந்த பிளக் போச்சு. நாலுல ஒண்ணு போனா வெயில் காலத்துல தெரியவே தெரியாது, மைனஸ் 20ல நாலாவது தடவைதான் பிடிக்கும், பிடிச்சதும் வெள்ளைப் புகை வரும். உங்களுக்குப் புகை வந்துச்சா?

எல்லாத்துக்கும் மேல ஹீட்டர். நீங்க இருக்கற நாட்டுலதான் எஞ்சின் ஹீட்டர் செய்யற டெஃபா கம்பெனியே இருக்கு, நாங்க இங்க ஊர் முழுக்க அதைத்தான் மாட்டி வச்சிருக்கோம். எஞ்சின் கோடு சொல்லிக் கேளுங்க, சில எஞ்சினுக்கு தண்ணிக்குள்ள போற வகை, சிலதுக்கு பிளாக்கோட வெளில ஒட்டி மாட்டற வகை. ராத்திரி முழுக்கப் போட வேண்டியதே இல்ல, டைமர் வாங்கி மைனஸ் 10னா ஒரு ரெண்டு மணி நேரம், மைனஸ் 20க்குக் கீழ போனா மூணு மணி நேரம், அதுக்கு மேல போட்டா கரண்டு பில்தான். வெளில போடற எர்த் இருக்கற கேபிளா வாங்குங்க, வீட்டுக்குள்ள போடற எக்ஸ்டென்ஷன் ஒயர் பனில வெடிச்சுடும். ஹீட்டர் போட்டுக் கிளப்பற எஞ்சினுக்கு மைனஸ் 25ங்கறதே தெரியாது, ஆனா என்னிக்காவது ஹோட்டல் வாசல்லயோ ஃப்ரெண்டு வீட்லயோ ராத்திரி நிறுத்தினா அங்க பிளக் பாயிண்ட் இருக்காது, அன்னிக்கு உங்களைக் காப்பாத்தறது ஆயில்தான். அதனால ரெண்டும் வேணும்.

டீசலும் பாத்துக்கோங்க. குளிர்கால டீசல்தான் பங்குல வரும், ஆனா செப்டம்பர்ல ஊத்தின டேங்க்கை டிசம்பர் வரைக்கும் வச்சிருந்தா உள்ள இருக்கறது பழைய டீசல், மெழுகு திரிஞ்சு ஃபில்டர்ல அடைக்கும்.

---

ரூபன்_எல்வெரும்:

ஔலு அண்ணா, ஓம், வெள்ளைப் புகை வந்தது, பக்கத்து வீட்டுக்காரர் யன்னலால எட்டிப் பாக்கிற அளவுக்கு. சனிக்கிழமை அளந்து பாத்தன், மூண்டு பிளக் 0.6, 0.7 காட்டுது, நாலாவது ஒண்டும் காட்டேல்லை. பட்டரி ஆறு வருசம். ரெண்டையும் எழுதி வச்சிட்டன். காலமை ஸ்ராட் பண்ணினா எஞ்சினை எவ்வளவு நேரம் நிண்ட இடத்தில சூடாக்க வேணும் எண்டும் சொல்லுங்கோ, நான் வழமையா பத்து நிமிசம் விடுறனான்.

---

ஸ்பானர்_அண்ணை:

பத்து நிமிசம் வேண்டாம் தம்பி. இந்த எஞ்சின் சும்மா நிண்டு சூடாகாது, அரை மணித்தியாலம் விட்டாலும் சூடு காட்டுற ஊசி எழும்பாது, எரியாத டீசல் சிலிண்டர் சுவரால வழிஞ்சு ஒயிலுக்குள்ள இறங்கிறதுதான் மிச்சம். ஒயில் லைற் அணைஞ்ச பிறகு அரை நிமிசம், கடும் குளிர் எண்டா ஒரு நிமிசம், கண்ணாடியில இருக்கிற பனியைச் சுரண்டி முடிய எடுங்கோ. முதல் பத்துக் கிலோமீற்றர் எஞ்சினை நிமிசத்துக்கு 2000, 2500க்கு மேல சுத்த விடாதேங்கோ, ரேர்போவுக்கு ஒயில் வடிவா போய்ச் சேரட்டும்.

பழைய குளோ பிளக்கை குளிர்ந்த எஞ்சினில பலம் போட்டுத் திருகாதேங்கோ, உள்ளுக்க முறிஞ்சா எஞ்சின் தலையைக் கழட்ட வேண்டி வரும். எஞ்சின் சூடா இருக்கேக்க, ஊடுருவுற ஒயில் அடிச்சு ஊற விட்டு, மெல்ல மெல்ல முன்னுக்கும் பின்னுக்கும் அசைச்சுக் கழட்ட வேணும். தெரியாட்டி அதை மட்டும் கராஜில குடுங்கோ.

---

ரூபன்_எல்வெரும்:

எழுத நாள் போட்டுது, மன்னிச்சுக்கொள்ளுங்கோ. நவம்பர் 14ம் திகதி ஒயில் மாத்தினன், 505.01 அப்ரூவல் உள்ள 5டபிள்யூ-40, ஃபில்ரர், மூடி வளையம் எல்லாம் புதிசு. நாலு லீற்றர் ஊத்திப் பாத்து இன்னும் கொஞ்சம் ஊத்த வேண்டி வந்தது, மொத்தம் நாலே காலுக்குக் கொஞ்சம் கூட. குளோ பிளக் நாலையும் வேற ஒரு கராஜில மாத்துவிச்சன், பட்டரியும் புதிசு.

ஹீற்றர் பூட்ட அடுத்த கிழமைதான் நாள் கிடைச்சது, அதுக்குள்ள நேற்றுக் காலமை மைனஸ் 23 வந்திட்டுது, வெறும் எஞ்சின், இரவு முழுக்க வெளியில நிண்டது. குளோ லைற் அணையும் வரைக்கும் பொறுத்து, ஒருக்கா அணைச்சுப் போட்டு ரெண்டாந்தரம் திறப்பைத் திருப்பிச் சூடாக்கினன், பிறகு ஸ்ராட் பண்ண முதல் தரத்திலயே பிடிச்சுது. கொஞ்சம் கனமாத்தான் சுத்தினது, ஆனா போன வருசத்து முனகல் இல்லை. ஒயில் லைற் ஒரு செக்கன், ஒண்டரை செக்கனில அணைஞ்சிட்டுது. மேல சத்தம் வந்தது, மூச்சு ரெண்டு விட முதல் நிண்டிட்டுது. இறங்கி பொனெற்றைத் திறந்து டிப்ஸ்ரிக்கை இழுத்துப் பாத்தன், நுனியில ஒரு துளி திரண்டு நிண்டு, பிறகு விழுந்துது.

---

ஸ்பானர்_அண்ணை:

சந்தோசம். 500 கிலோமீற்றரில லெவல் பாருங்கோ, மணந்தும் பாருங்கோ. ஏறியிருந்தா உடன எழுதுங்கோ.

---

ரூபன்_எல்வெரும்:

அண்ணை, 560 ஓடினாப் பிறகு இண்டைக்குப் பாத்தன், ரெண்டு மில்லிமீற்றர் மட்டில இறங்கியிருக்கு, ஏறேல்லை. டீசல் மணம் எனக்கும் தெரியேல்லை, மனுசிக்கும் தெரியேல்லை. கீழ போட்ட மட்டையும் காஞ்சுதான் கிடக்கு. ஒயில் மூடிக்குப் பக்கத்தில ஒரு வெள்ளை ரேப் ஒட்டி "505.01 மட்டும், 5டபிள்யூ-40, 14 நவம்பர், 3,41,200" எண்டு எழுதி வச்சிருக்கிறன், மகனும் இந்தக் காரை எடுத்து ஓடுறவன், ஒயில் குறைஞ்சா கண்டதை வாங்கி ஊத்தாமல் இருக்க. ஊத்த ஒரு லீற்றர் பின்னால டிக்கிக்குள்ள கிடக்கு.